முதல் வரைவு யாருடையது?

2025 நவம்பர் 12 அன்று பாகிஸ்தானின் ‘டான்’ நாளிதழ், அக்டோபர் மாத வாகன விற்பனை பற்றி வணிகப் பக்கத்தில் ஒரு செய்தி வெளியிட்டது. எத்தனை கார்கள் விற்றன, போன ஆண்டைவிட எவ்வளவு கூடுதல் என்று வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்த செய்தியின் கடைசிப் பத்தியில் திடீரென்று வேறொரு குரல். முதல் பக்கத்துக்கு ஏற்றாற்போல இன்னும் விறுவிறுப்பாக, நறுக்கென்ற புள்ளிவிவரங்களோடு இன்னொரு வடிவம் தயாரித்துத் தரட்டுமா என்று அது கேட்டது. செய்தியை மெருகேற்றப் பயன்படுத்திய செயற்கை நுண்ணறிவு (ஏஐ) செயலி, பதிலின் முடிவில் மரியாதைக்காகச் சேர்க்கும் வரி அது. ஜின்னா 1941இல் தொடங்கிய பத்திரிகையின் அச்சுப் பிரதியில் அந்த வரி அப்படியே ஏறி, வாசகர் வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. நாளிதழ் வருத்தம் தெரிவித்தது. ஏஐ பயன்பாட்டுக்குத் தான் வகுத்த விதியே மீறப்பட்டிருப்பதாகவும் ஒப்புக்கொண்டது.

அந்தப் பத்தியைப் படமெடுத்துப் பகிர்ந்து கேலி செய்தவர்கள் ஏராளம். செய்தி மேசையில் வேலை பார்ப்பவர்களுக்கு அது கேலிக்குரிய விஷயமாகப் பட்டிருக்காது. செயலியைப் பயன்படுத்தியதைக்கூட மன்னிக்கலாம்; எழுதி முடித்ததாக நம்பிய ஒன்றை அச்சுக்கு அனுப்பும்முன் கடைசி வரிவரை படிக்க ஆளில்லாமல் போனதுதான் கவலை தருகிறது.

டிஜிட்டல் ஊடகத்துக்கு எழுதக் கற்றுத்தரும் பயிற்சி வகுப்புகள் இப்போது எங்கும் நடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ‘பிராம்ப்ட்’, அதாவது கருவிக்குத் தரும் கட்டளை, எப்படி எழுதுவது என்பதோடு நின்றுவிடுகின்றன. நன்றாகக் கேட்டால் நன்றாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால், கிடைத்தது சரியா என்று பார்க்கத் தெரியாதவருக்கு நன்றாகக் கேட்கத் தெரிந்து பயனில்லை. எந்தக் கட்டத்தில் கருவியை அழைப்பது, எதை அதனிடம் கொடுக்கவே கூடாது, வந்ததை எப்படிச் சோதிப்பது என்பவைதான் பாடமாக இருக்க வேண்டும். அதிலும் குறிப்பாக, எழுதப் பழகுபவர் முதல் வரைவைத் தானே எழுத வேண்டும். கருவி அதற்குப் பிறகு வரட்டும்.

இயந்திரம் செய்தி எழுதுவது சாட்ஜிபிடியோடு தொடங்கிய சங்கதி அல்ல. 2014 மார்ச் 17 அதிகாலை லாஸ் ஏஞ்சலஸில் 4.4 அளவில் நிலம் அதிர்ந்தது. ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ இணையதளத்தில் சுமார் மூன்று நிமிடத்தில் செய்தி வந்துவிட்டது. எழுதியது ‘குவேக்பாட்’ என்ற நிரல். அதை உருவாக்கிய கென் ஷ்வென்கி செய்தியாளர், நிரலரும்கூட. அதே ஆண்டில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் பெருநிறுவனங்களின் காலாண்டு வருவாய்ச் செய்திகளை நிரலிடம் ஒப்படைத்தது. காலாண்டுக்குச் சுமார் 300ஆக இருந்த செய்திகள் 3,000ஐத் தாண்டின. இந்த நிரல்கள் எதையும் கற்பனை செய்யவில்லை. வாக்கியச் சட்டகத்தை மனிதர்கள் எழுதி வைத்திருந்தார்கள். எண்களும் பெயர்களும் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்தன.

அவற்றுக்கும் சறுக்கல் உண்டு. 2017 ஜூனில் சாண்டா பார்பரா அருகே 6.8 அளவில் பெரும் நிலநடுக்கம் என்று குவேக்பாட் அறிவித்தது. அது 1925இல் நடந்த நிலநடுக்கம். அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் பழைய பதிவைத் திருத்தும்போது தவறான அறிவிப்பு ஒன்று வெளியேறிவிட, நிரல் அதை நம்பிவிட்டது. வெளியில் எந்தக் கட்டிடமும் அசையவில்லை என்பதை ஜன்னல் வழியே பார்க்க அதற்குக் கண் இல்லை.

2022 நவம்பர் 30 அன்று வெளியான சாட்ஜிபிடியும் அதன் பின்வந்த செயலிகளும் வேறு ரகம். அவற்றுக்குச் சட்டகம் கிடையாது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து அடுக்கிக்கொண்டே போகின்றன. அதனால் தவறான தகவலும் சரியான தகவலும் ஒரே நிதானத்தோடு, ஒரே இலக்கணச் சுத்தத்தோடு வருகின்றன. திணறல், தயக்கம், அடித்தல் திருத்தல் எதுவும் இருக்காது. அனுபவமுள்ள உதவி ஆசிரியர் ஒரு புதிய செய்தியாளரின் காப்பியைப் பார்த்ததும், எந்த இடத்தில் அவருக்கே சந்தேகம் இருந்தது என்று மொழியை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். இயந்திரத்தின் காப்பியில் அந்தத் தடயம் இல்லை.

இதற்கு விலை கொடுத்த நிறுவனங்களில் ஒன்று ‘சிநெட்’. தொழில்நுட்ப உலகில் நல்ல பெயர் எடுத்திருந்த அந்த அமெரிக்கத் தளம், 2022 நவம்பர் முதல் நிதி தொடர்பான விளக்கக் கட்டுரைகளை ஏஐ மூலம் தயாரித்து வெளியிட்டது. 2023 ஜனவரியில் ‘ஃப்யூச்சரிசம்’ தளம் இதை வெளிக்கொண்டுவந்த பிறகு 77 கட்டுரைகளையும் மறுபரிசீலனை செய்தார்கள். 41 கட்டுரைகளில் திருத்தம் போட வேண்டியிருந்தது. ஒரு பிழையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 10,000 டாலரை 3 விழுக்காடு வட்டியில் போட்டால் முதல் ஆண்டு முடிவில் 10,300 டாலர் சம்பாதிப்பீர்கள் என்றது ஒரு கட்டுரை. கையில் இருக்கும் மொத்தத் தொகைதான் 10,300; சம்பாத்தியம் வெறும் 300. எட்டாம் வகுப்பு மாணவர் தடுமாறாத கணக்கு. கூட்டு வட்டியை முதன்முதலாகத் தெரிந்துகொள்ள வந்த வாசகருக்கோ அந்த ஒரு வாக்கியம்தான் எல்லாமே. வாக்கியம் வழுக்கிக்கொண்டு போனதால் சரிபார்த்தவர்களின் கண்ணும் வழுக்கிவிட்டது.

2025 மே மாதம் ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ இதழுடன் வந்த கோடைக்கால இணைப்பில், விடுமுறையில் படிக்க 15 நூல்கள் பரிந்துரைக்கப்பட்டன. அவற்றில் ஐந்துதான் உண்மையில் இருக்கும் நூல்கள். மீதிப் பத்துக்கும் ஆசிரியர்கள் நிஜம், நூல்கள் கற்பனை. எழுத்தாளர் இசபெல் அயெந்தே எழுதாத ஒரு நாவலுக்குக் கதைச் சுருக்கம்கூடத் தரப்பட்டிருந்தது. வெளி நிறுவனம் ஒன்றிடமிருந்து வாங்கிய இணைப்பு அது. செய்தி அறையின் கை அதில் படவே இல்லை. ஒவ்வொரு தலைப்பையும் நூலகப் பட்டியலில் ஒரு முறை தேடியிருந்தால் கால் மணி நேரத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும். அந்தக் கால் மணி நேரத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

இவையெல்லாம் விதிவிலக்குகள், கருவிகள் இப்போது தேறிவிட்டன என்று சொல்பவர்கள் உண்டு. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் பிபிசியும் சேர்ந்து 2025 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வை அவர்கள் பார்க்கலாம். 18 நாடுகளைச் சேர்ந்த 22 பொது ஊடக நிறுவனங்களின் செய்தியாளர்கள், 14 மொழிகளில் முன்னணி ஏஐ உதவியாளர்களிடம் செய்தி தொடர்பான கேள்விகளைக் கேட்டு 3,000 பதில்களை எடைபோட்டார்கள். 45 விழுக்காடு பதில்களில் குறைந்தது ஒரு பெரிய குறையாவது இருந்தது. ஆதாரம் காட்டுவதில் மட்டும் 31 விழுக்காடு பதில்கள் கடுமையாகச் சறுக்கின. எந்தச் செய்தியிலிருந்து எடுத்தது என்று சொல்லத் தெரியாத உதவியாளரை நம்பி எழுதுபவர், பெயர் தெரியாத ஆளின் பேச்சை நம்பி எழுதுபவருக்குச் சமம். அசோசியேட்டட் பிரஸ் 2023 ஆகஸ்டில் வகுத்த நெறிமுறை இதைத்தான் சொல்கிறது: ஏஐ தருவதை, இன்னும் சரிபார்க்கப்படாத தகவலாக மட்டுமே கருத வேண்டும்.

அப்படியானால் கருவியைத் தொடவே கூடாதா? தொடலாம், தொட வேண்டும். 2024இல் உள்ளூர்ச் செய்திக்கான புலிட்சர் விருதைப் பெற்றது ‘சிகாகோவில் காணாமல் போனவர்கள்’ என்ற தொடர். கறுப்பினப் பெண்களும் சிறுமிகளும் காணாமல் போனதாக வரும் புகார்களைக் காவல் துறை எப்படிக் கையாண்டது என்பது அதன் பொருள். காவலர்கள் மீதான ஆயிரக்கணக்கான முறைகேட்டுப் புகார் ஆவணங்களில், காணாமல் போனவர்கள் தொடர்பானவை தனியாக வகைப்படுத்தப்படாமல் புதைந்து கிடந்தன. ‘இன்விசிபிள் இன்ஸ்டிட்யூட்’ என்ற அமைப்பு, ‘ஜூடி’ என்று பெயரிட்ட இயந்திரக் கற்றல் கருவியைப் பழக்கி அவற்றைச் சலித்து எடுத்தது. அதன் பிறகு செய்தியாளர்கள் அந்தக் குடும்பங்களின் கதவைத் தட்டினார்கள். தாய்மார்களோடு உட்கார்ந்து பேசினார்கள். தொடரை எழுதியது அவர்கள்தான். மனிதர் ஒருவர் உட்கார்ந்து படித்தால் ஆண்டுக்கணக்கில் ஆகும் வேலையை இயந்திரம் செய்தது, மனிதர் மட்டுமே செய்யக்கூடியதை மனிதர்கள் செய்தார்கள். ஏஐ பயிற்சி வகுப்பு எதுவானாலும் முதல் நாள் காட்ட வேண்டிய எடுத்துக்காட்டு இது.

தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஜிபிடி-3 என்ற மொழி மாதிரியைப் பழக்கிய தரவில் 90 விழுக்காட்டுக்கும் மேலான சொற்கள் ஆங்கிலம்; தமிழின் பங்கு மிகச் சொற்பம். அடுத்தடுத்து வந்த மாதிரிகள் தமிழில் வெகுவாகத் தேறியிருக்கின்றன என்பதை மறுக்க முடியாது. எழுத்துப்பிழை குறைந்திருக்கிறது, வாக்கியம் முறிவதில்லை. ஆனால் இயந்திரம் தரும் தமிழ்ச் செய்தியை இரண்டு பத்தி படித்தாலே அதன் எலும்பு ஆங்கிலம் என்று தெரிந்துவிடுகிறது. எல்லாப் பொருளுக்கும் முன்னால் ‘ஒரு’. எல்லாப் பத்திக்கும் முன்னால் ‘மேலும்’. எதுவானாலும் ‘முக்கியப் பங்கு வகிக்கிறது’. நடந்ததைச் சொல்லிவிட்டு, அது எதை ‘உறுதி செய்கிறது’ என்று பத்தி முடிவில் ஒரு பிரசங்கம்.

ஒரு நகராட்சிக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். ‘குடிநீர் விநியோகத்தை மேம்படுத்துவதற்கான பல்வேறு நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டு வருவதாகத் தெரிவிக்கப்பட்டது’ என்று கருவி எழுதித்தரும். இலக்கணப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் சொன்னது யார், எந்த வார்டுக்கு, எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது, உறுப்பினர் எதற்காகக் கூட்டத்தில் எழுந்து நின்றார் என்பதெல்லாம் அந்த வாக்கியத்துக்குள் காணாமல் போய்விடுகின்றன. இந்த நடை இயந்திரத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அரசுச் செய்திக்குறிப்புகளும் அவற்றை அப்படியே வெளியிட்ட பத்திரிகைகளும் பல பத்தாண்டுகளாக எழுதிவைத்த தமிழைத்தான் அது கற்றுக்கொண்டிருக்கிறது. 1942இல் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், பள்ளி முழுதாக முடிக்காதவரும் படித்துப் புரிந்துகொள்ளும் பேச்சு வழக்குத் தமிழைச் செய்திக்குள் கொண்டுவந்தார். அந்த உழைப்பின் பலன் டீக்கடை பெஞ்சில் தெரிந்தது. இன்றைக்குச் செல்போன் திரையில் படிக்கும் வாசகருக்கும் அதே தமிழ்தான் தேவை. கருவியோ அவரை மறுபடி அரசு அலுவலகத்துக்கு இழுத்துச் செல்கிறது.

ஊர்ப்பெயர் விஷயம் இன்னும் மோசம். நீலகிரியில் ஒரு கூடலூர் இருக்கிறது, தேனியிலும் ஒரு கூடலூர் இருக்கிறது. வேலூரிலிருந்து 2019இல் பிரிந்து தனி மாவட்டமான திருப்பத்தூர் ஒன்று, சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் இன்னொன்று. ஆங்கிலத்தில் வரும் மழைக் குறிப்பை மொழிபெயர்க்கச் சொன்னால், கூடலூரில் கனமழை, பள்ளிகளுக்கு விடுமுறை என்று கருவி பளிச்சென்று தலைப்பு போட்டுவிடும். எந்தக் கூடலூர், எந்த மாவட்ட ஆட்சியர் என்பதை அது கேட்காது. காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று செல்போனைப் பார்க்கும் தாய்க்கு அந்த விவரம்தான் செய்தி. இதே போலத்தான் ஆள் பெயர்களும். ஆங்கில எழுத்தில் ல, ள, ழ எல்லாம் கலந்து வரும்போது கருவி ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. தன் பெயர் பிழையாக வந்த செய்தியை எவரும் கத்தரித்து வைத்துக்கொள்வதில்லை.

இதற்கெல்லாம் சரியான பயிற்சி எப்படி இருக்கும்? புதிதாகச் சேர்ந்த செய்தியாளர் கூட்டத்துக்குப் போகட்டும், குறிப்பெடுக்கட்டும், பேச்சைப் பதிவு செய்யட்டும். பதிவை எழுத்தாக்குவதைக் கருவியிடம் விடலாம், நேரம் மிச்சம். ஆனால் மேற்கோள் குறிக்குள் போகும் ஒவ்வொரு வரியையும் பதிவோடு காதால் ஒத்துப்பார்க்க வேண்டும். ஓபன்ஏஐயின் ‘விஸ்பர்’ கருவி, ஒலித்துண்டுகளில் சுமார் 1 விழுக்காட்டில் யாரும் பேசாத வாக்கியங்களைச் சேர்த்துவிட்டதை ஆய்வாளர்கள் 2024இல் பதிவு செய்தார்கள். பேசுபவர் சற்று மௌனமாகும் இடங்களில் இது அதிகம் நடந்தது. தமிழ்நாட்டு மேடைப் பேச்சில் கைதட்டலுக்காக நிறுத்தும் இடைவெளி எத்தனை என்று யோசித்தால் ஆபத்து புரியும்.

பிறகு கருவியை மூடிவைத்துவிட்டு முதல் வரைவை எழுத வேண்டும். எது லீட் (செய்தியின் தொடக்கம்), எதை விடுவது, யாருடைய சொல் முதலில் வர வேண்டும் என்ற முடிவுகள் அந்த வரைவில்தான் எடுக்கப்படுகின்றன. எழுத்துப் பயிற்சி என்று சொல்லப்படுவதில் முக்கால்வாசி இந்த முடிவுகளை எடுக்கப் பழகுவதுதான். வரைவு முடிந்தபின் கருவியை அழைத்துக் கேள்வி கேட்கச் சொல்லலாம். இந்தச் செய்தியைப் படிக்கும் ஒருவருக்கு என்னென்ன சந்தேகம் வரும், எந்த எண்ணுக்கு ஆதாரம் சொல்லப்படவில்லை, யாருடைய தரப்பு விடுபட்டிருக்கிறது என்று கேட்டால், பொறுமையான உதவி ஆசிரியரைப்போலப் பட்டியல் போட்டுத் தரும். அந்தக் கேள்விகளில் பாதி வீண். மீதியில் ஒன்று செய்தியாளரைத் திரும்பத் தொலைபேசியை எடுக்க வைக்கும். இதைவிட நல்ல பயன்பாடு இன்றைக்கு இல்லை. பத்துத் தலைப்பு கேட்கலாம். செய்தியில் இல்லாததைத் தலைப்பில் சொல்லும் ஆறையோ ஏழையோ தூக்கிப்போடத் தெரிய வேண்டும். புரூஃப் பார்க்க, சந்திப்பிழை திருத்த, நீச்சல்காரன் உருவாக்கிய ‘வாணி’, ‘நாவி’ போன்ற தமிழ்க் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவை வாக்கியத்தை மாற்றி எழுத முனைவதில்லை என்பதே அவற்றின் பெரிய பலம்.

கொடுக்கவே கூடாதவையும் உண்டு. முதல் தகவல் அறிக்கையின் நகலை அப்படியே பொதுச் செயலியில் ஒட்டிச் சுருக்கித்தரச் சொல்லும் பழக்கம் தொடங்கியிருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் ஊடகத்தில் வெளிப்படுவதைத் தடை செய்கிறது. அந்தப் பெயரும் முகவரியும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் சேமிப்பகத்துக்குப் போவதை எந்தச் செய்தி ஆசிரியரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரகசியமாகத் தகவல் தந்தவரின் பெயருக்கும் இதுவே பொருந்தும்.

கருவியால் வேலை வேகமாகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வில், பட்டம் பெற்ற 453 தொழில்துறையினருக்கு எழுத்து வேலை தரப்பட்டது. சாட்ஜிபிடி கையில் இருந்தவர்கள் 40 விழுக்காடு குறைந்த நேரத்தில் முடித்தார்கள். தரம் 18 விழுக்காடு கூடியது. ஆனால் அவர்கள் ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்கள். எழுதக் கற்றுக்கொண்டிருப்பவர் கதை வேறு. எம்ஐடி ஊடக ஆய்வகம் 2025 ஜூனில், சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முன்பே, வெளியிட்ட ஆய்வில் 54 பேர் பல அமர்வுகளில் கட்டுரை எழுதினார்கள். முதல் அமர்வில் சாட்ஜிபிடி உதவியோடு எழுதியவர்களில் 83 விழுக்காட்டினரால், சற்றுமுன் தாங்கள் எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு வரியைக்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. சிறிய ஆய்வுதான், இதை வைத்து மூளை மழுங்குகிறது என்று முழங்குவது அதிகப்பிரசங்கம். ஆயினும், தான் எழுதிய வரி தனக்கே நினைவில் இல்லாத செய்தியாளர், நாளை அந்தச் செய்திக்காக வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தால் எதை வைத்துப் பதில் சொல்வார்?

2024இல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வந்த இன்னோர் ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. ஏஐ தந்த யோசனைகளை வைத்து எழுதிய சிறுகதைகள் தனித்தனியாகப் படிக்கும்போது மேம்பட்டிருந்தன. சேர்த்துவைத்துப் பார்த்தால் ஒன்றைப்போல ஒன்று இருந்தன. தனி எழுத்தாளருக்கு லாபம், மொத்த எழுத்துக்கு நட்டம். ஒரே கருவியிடம் ஒரே செய்திக்குறிப்பைக் கொடுத்து வாங்கும் பத்துச் செய்தித்தளங்களின் கதியும் இதுதான். ஏஐ எழுதியது என்பதற்காக மட்டும் ஒரு பக்கத்தைத் தண்டிப்பதில்லை என்பதே கூகுளின் நிலைப்பாடு. ஆனால் தேடலில் மேலே வருவதற்காக மொத்தமாகத் தயாரித்துக் குவிக்கும் பக்கங்களை 2024 மார்ச்சில் அது முறைகேடாக அறிவித்தது. தேடுபவருக்கான சுருக்கத்தைத் தேடுபொறியே ஏஐ மூலம் எழுதித்தரத் தொடங்கிவிட்ட நிலையில், ஏற்கெனவே இருப்பதை மாற்றிச் சொல்லும் பக்கத்துக்கு யார் வந்து கிளிக் செய்வார்கள்? யாரும் போகாத இடத்துக்குப் போய், யாரும் கேட்காததைக் கேட்டு எழுதிய செய்தியை மட்டும்தான் சுருக்கம் தரும் கருவியால் தானாக உண்டாக்க முடியாது.

நிர்வாகங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. வருவாய்ச் செய்திகளை நிரலிடம் கொடுத்ததால் அந்தப் பணியில் செலவான நேரத்தில் சுமார் 20 விழுக்காடு மிச்சமானதாகவும், அதை ஆழமான செய்திகளுக்குத் திருப்பியதாகவும் அசோசியேட்டட் பிரஸ் கூறியது. தமிழ் ஊடக நிறுவனங்களில் ஏஐ மிச்சம் பிடிக்கும் நேரம் எங்கே போகிறது? நாளுக்குப் பத்துச் செய்தி எழுதியவரை இருபது எழுதச் சொல்வதற்கா, அல்லது அவரை வாரத்தில் ஒரு நாளாவது மேசையிலிருந்து எழுப்பி வார்டுக்கு, வயலுக்கு, நீதிமன்றத்துக்கு அனுப்புவதற்கா? ஆட்குறைப்பில் முதலில் காலியான புரூஃப் ரீடர் நாற்காலியை மறுபடி நிரப்பலாம். இதழியல் துறைகள் தங்கள் பாடத்திட்டத்தில் பிராம்ப்டுக்கு ஒரு வகுப்பு ஒதுக்கினால், இயந்திரம் எழுதிய தமிழ்ச் செய்தியை மாணவர் கையில் கொடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் எண்ணையும் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்க்க வைக்க மூன்று வகுப்புகளாவது ஒதுக்க வேண்டும். அடுத்த கல்வியாண்டுக்குக் காத்திருக்காமல், இந்தப் பருவத்திலேயே அதைத் தொடங்க முடியும்.